அழுத்தினால் மறையாத ஊதாப் புள்ளிகள், ஆனால் பிபி நார்மல்: முதல் ஒரு மணி நேரம் எப்படி?

முதலாண்டு பிஜி (முதுநிலை மருத்துவ மாணவர்):
தேர்வு கேஸ் இது. 2 வயது, 12 கிலோ. காய்ச்சல் தொடங்கி 10 மணி நேரம். கால்களில் ஊதாப் புள்ளிகள், கை கால் ஜில்லிப்பு, நாடித்துடிப்பு 180, சிஆர்டி (தோலை அழுத்தி விட்டதும் நிறம் திரும்பும் நேரம்) 5 விநாடி, பிபி 88/50. சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9, பிளேட்லெட் 1.4 லட்சம். மெனிங்கோகாக்கஸ் (ரத்தத்திலும் மூளை உறையிலும் தொற்றும் பாக்டீரியா) சந்தேகம். எல்பி (முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுப்பது) செய்துவிட்டுத்தான் ஆன்டிபயாட்டிக்கா? ஃப்ளூயிட் எவ்வளவு? அட்ரினலின் (இதயத்தைத் தூண்டி பிபியை ஏற்றும் மருந்து) எப்போது, எந்த லைனில்?

பிக்யூ_இரவுப்பணி:
எல்பி இப்போது கூடவே கூடாது. ஷாக்கில் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை) இருக்கும் குழந்தையை வளைத்துப் பிடித்தால் மூச்சே நின்றுபோகலாம். புள்ளிகள் பரவும்போது ரத்தக்கசிவு அபாயம் வேறு. கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுத்த கையோடு செஃப்ட்ரையாக்ஸோன் 100 மிகி/கிலோ, அதாவது 1.2 கிராம். கல்ச்சருக்கு ரத்தம் வரவில்லை என்றால் அதற்காக நிற்காதீர்கள். 5 நிமிடத்தில் வெயின் கிடைக்காவிட்டால் டிபியாவில் ஐஓ (முழங்காலுக்குக் கீழ் எலும்பு மஜ்ஜைக்குள் போடும் ஊசி).

88 என்ற பிபியை நம்ப வேண்டாம். இந்த வயதில் மேல் அளவு 74க்குக் கீழே போனால்தான் ஹைப்போடென்ஷன், அதாவது குறைந்த பிபி (70 + 2 × வயது). ரத்தக்குழாய்களை இறுக்கித்தான் குழந்தை பிபியைத் தாங்குகிறது, அதனால்தான் ஜில்லிப்பு. 10 மணி நேரத்தில் சிஆர்பி முழுதாக ஏறியிருக்காது. வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் இன்னும் மோசம்.

ஃப்ளூயிட் 10 மிலி/கிலோ: 120 மிலியை 50 மிலி சிரிஞ்ச், த்ரீ-வே (மூன்று வழி அடைப்பான்) வைத்துக் கையால் தள்ளுங்கள். ஒவ்வொரு போலஸுக்குப் (இப்படி ஒரே தடவையில் தள்ளும் ஃப்ளூயிட்) பின்னும் கல்லீரல் விளிம்பையும் நுரையீரல் அடிப்பகுதியையும் பாருங்கள். கல்லீரல் விளிம்பு கீழே இறங்கினாலோ கிரெப்ஸ் (நுரையீரலில் நொறுநொறு ஒலி) வந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

சிரிஞ்ச்_பம்ப்:
ஃப்ளூயிட் 60 மிலி/கிலோ வரை போய்விட்டுத்தான் அட்ரினலின் என்ற பழக்கம் இன்னும் பல வார்டுகளில் இருக்கிறது. 40 ஆகியும் சிஆர்டி மாறவில்லை என்றால் தொடங்கிவிடுங்கள், சென்ட்ரல் லைனுக்குக் (பெரிய வெயினில் செருகும் குழாய்) காத்திருக்க வேண்டாம். பெரிஃபெரல் லைனில் (கை, கால் வெயின்) நீர்த்த கரைசல்தான்: 0.03 மிகி/கிலோ, இந்தக் குழந்தைக்கு 0.36 மிகி, 50 மிலி ஆக்குங்கள். மணிக்கு 1 மிலி ஓடினால் 0.01 மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம். 5 மிலியில் தொடங்கலாம். கெட்டியாகக் கரைத்து 0.5 மிலி வேகத்தில் விட்டால் குழாயைத் தாண்டி மருந்து வெயினுக்குப் போய்ச் சேரவே நேரமாகும். பிபி ஏறவில்லையே என்று யாராவது டோஸை ஏற்றுவார்கள், பிறகு ஒரேயடியாக ஏறும்.

கால்சியத்தை மறந்துவிடுகிறார்கள். இந்த நோயில் அயனைஸ்டு கால்சியம் (ரத்தத்தில் செயல்படும் கால்சியம்) அடிக்கடி இறங்கும், இதயம் சுருங்கத் திணறும். 10% கால்சியம் குளுக்கோனேட் 0.5 மிலி/கிலோ, நீர்த்து, மானிட்டரில் பார்த்தபடி மெதுவாக. செஃப்ட்ரையாக்ஸோன் போகும் லைனில் மட்டும் வேண்டாம், வீழ்படிவு உண்டாகும். ரிங்கர் லாக்டேட்டிலும் கால்சியம் உண்டு. நடுவே சலைன் ஃபிளஷ் அவசியம். சர்க்கரை 54க்குக் கீழே என்றால் 10% டெக்ஸ்ட்ரோஸ் 2 மிலி/கிலோ.

இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது) என்றால் அட்ரினலின் ஓடத் தொடங்கிய பிறகே. மயக்கத்துக்குக் கெட்டமின் போதும், எட்டோமிடேட் வேண்டாம்.

தாலுகா_டியூட்டி:
ஐசியூ இல்லாத இடத்துக்கு இதை அப்படியே எடுக்க முடியாது. 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வில் (உகாண்டா, கென்யா, தான்சானியா) போலஸ் பெற்றவர்களில் 48 மணி நேர இறப்பு 10.5%, பெறாதவர்களில் 7.3%. அங்கே மலேரியாக் குழந்தைகள் அதிகம் என்பது வேறு விஷயம். என்றாலும் ஹைப்போடென்ஷன் இல்லை, ஐசியூவும் இல்லை என்றால் போலஸ் வேண்டாம் என்பதுதான் 2020 செப்சிஸ் வழிகாட்டுதல். ஆன்டிபயாட்டிக் முதல் டோஸைப் போட்டுவிட்டு ரெஃபர் செய்யுங்கள். லைன் கிடைக்கவில்லையா, தசையில் போடுங்கள்.

கறுப்புத் தோலில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், அண்ணம் பாருங்கள். கால்வலி, ஜில்லிப்பு, வெளிறிய நிறம் இவை புள்ளிக்கு முன்பே வரக்கூடும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து: பெரியவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 500 மிகி ஒரே டோஸ், 15 வயதுக்குக் கீழ் செஃப்ட்ரையாக்ஸோன் 125 மிகி தசையில். மாஸ்க் இல்லாமல் சக்ஷன், இன்ட்யூபேஷன் செய்தவர்களுக்கும் உண்டு. வார்டு முழுக்க எல்லோருக்கும் கொடுக்கத் தேவையில்லை.