டான்ஸ் பாட்டுக்கு மார்க் போடுவது விமர்சகரா, கேலரியா? பிரிட்டன் மைதான அனுபவங்களைச் சொல்லுங்கள்

விகன் ரயில்

டான்ஸ்-பாப் என்றாலே இசை தெரிந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நாலு வரி, ஒரே பீட், அடுத்த கோடையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்கிறார்கள். வட இங்கிலாந்தில் பல வருடமாகக் கால்பந்து பார்க்கப் போகிற எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. ஒரு பாட்டு தேறுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். சின்த், டிரம் மெஷின், பாடகியின் குரல், ஸ்டூடியோவில் பூசிய எதிரொலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மிச்சம் இருக்கிற மெட்டை ஈர ஜாக்கெட்டோடு நிற்கும் மூவாயிரம் பேர், அதில் பாதி பேர் சுருதி விலகி, பாடினால் அது எழுந்து நிற்கிறதா? நின்றால் நல்ல பாட்டு.

இந்தச் சோதனையில் முதல் வகுப்பில் பாஸானது காலா என்ற இத்தாலியப் பாடகி 1996-இல் வெளியிட்ட 'ஃப்ரீட் ஃப்ரம் டிசையர்'. அடுத்த வருடம் பிரிட்டன் பட்டியலில் 2-ஆம் இடம் வரை வந்தது, அப்புறம் ரெட்ரோ இரவுகளோடு ஒதுங்கிவிட்டது. 2015-16 சீசனில் விகன் அத்லெடிக் மூன்றாம் நிலை லீகில் முதலிடம் பிடித்து மேலே ஏறியபோது, வட அயர்லாந்து அணியிலும் இருந்த அதன் முன்கள வீரர் வில் கிரிக் லீகில் மட்டும் 25 கோல் அடித்தார். அந்த மே மாதம் ஒரு விகன் ரசிகர் இந்த மெட்டுக்கு கிரிக் பெயரை வைத்துத் தானே பாடி யூடியூபில் போட்டார். சில வாரத்தில் யூரோ 2016 தொடங்கியபோது அது வட அயர்லாந்து ரசிகர்களின் பாட்டாகவே ஆகிவிட்டது.

உக்ரைனுடன் ஆடிய ஆட்டத்தை மான்செஸ்டரில் ஒரு பப்பில் பார்த்தேன். லியோனில் ஆலங்கட்டி மழை கொட்டி ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். டிவியில் காட்ட எதுவும் இல்லை. மூலையில் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் மேஜையை உள்ளங்கையால் தட்டி ஆரம்பித்தார், ஒரு நிமிடத்தில் அந்த அறை முழுக்கக் குதித்தது. கிரிக் அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் போட்டித் தொடர் முழுக்க அவரை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை! ஆடாத ஒருவருக்காக ஒரு நாடே பாடியது என்றால் அதில் பாதி வேலை மெட்டினுடையது. சொல்லே இல்லாத அந்த 'நா நா' பகுதிதான் ரகசியம் என்று நினைக்கிறேன். மொழி தெரியாதவர், முதல் தடவை கேட்பவர், மூன்று பைண்ட் உள்ளே போனவர் எல்லோரும் அங்கே ஒன்றாக ஏறிக்கொள்ளலாம். 2018 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் சிட்டியை விகன் 1-0 என்று வீழ்த்தியபோது அந்த ஒரே கோலை அடித்ததும் கிரிக்தான். அன்றைக்கு இந்தப் பாட்டுக்குக் கடைசியில் நியாயம் கிடைத்தது.

நீங்கள் நேரில் கேட்டதைச் சொல்லுங்கள்.

மெர்சி கரை

அண்ணா சொன்ன சோதனை சரி. ஆனால் குரலைக் கழற்ற வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர் லிவர்புல் கதை வேறு மாதிரி.

2018 மே மாதம் கீவில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்கு முன்னால் பாடகி டுவா லிபா பாடினார். டிஜே கால்வின் ஹாரிஸோடு அவர் செய்த 'ஒன் கிஸ்' அந்த நேரத்தில் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது, மொத்தம் 8 வாரம் இருந்தது. அன்றைக்கு ரியல் மாட்ரிடிடம் லிவர்புல் 3-1 என்று தோற்றது. தோற்ற நாளின் பாட்டை யாராவது வீட்டுக்குக் கொண்டு வருவார்களா? லிவர்புல்காரர்கள் கொண்டு வந்தார்கள். அந்தக் கோடை முழுக்கப் பப்பிலும் விருந்திலும் அதுதான் ஓடியது.

2022 மே 29 லிவர்புலின் கோப்பை ஊர்வலத்துக்கு நானும் மகளும் போயிருந்தோம். முந்தின நாள்தான் பாரிஸில் மறுபடியும் ரியல் மாட்ரிடிடம் தோல்வி, இந்த முறை 1-0. ஊர்வலத்துக்குக் கூட்டம் வருமா என்று சந்தேகமாக இருந்தது. வந்தது சாதாரணக் கூட்டம் இல்லை. ஆற்றங்கரைச் சாலையில் சிவப்புப் புகை மூக்கில் ஏறுகிறது, பிள்ளையைத் தோளில் தூக்கிவிட்டேன், லீக் கோப்பையும் எஃப்.ஏ. கோப்பையும் பேருந்து மேலே மின்னுகின்றன. இரண்டுமே செல்சியோடு கோல் இல்லாமல் முடிந்து பெனால்டியில் ஜெயித்தவை. அந்த வருடம் மேல் லீகுக்கு ஏறிய பெண்கள் அணியும் இன்னொரு பேருந்தில் வந்தது, மகள் அவர்களுக்குத்தான் அதிகம் கத்தினாள். கால்வின் ஹாரிஸ் ஊர்வலத்திலேயே நேரில் வந்து அந்தப் பாட்டைப் போட்டார். பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், சட்டை முழுக்க பேட்ஜ், கண்ணை மூடிக்கொண்டு கோரஸைச் சொல் பிசகாமல் பாடினார். டான்ஸ்-பாப் இளசுகளுக்கு மட்டும் என்பவர்கள் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று. 2018-இல் ஐரோப்பா முழுக்க லிவர்புல் ரசிகர்கள் பாடிய 'அலே அலே அலே' எங்கிருந்து வந்தது தெரியுமா? 1985-இல் ரிகேய்ரா என்ற இத்தாலிய இரட்டையர் வெளியிட்ட டிஸ்கோ பாட்டு. கோடை முடிகிறதே என்ற ஏக்கம்தான் அதன் விஷயம். இத்தாலிய ரசிகர்கள் முதலில் எடுத்தார்கள், அங்கிருந்து பல ஊர் சுற்றி மெர்சிக்கு வந்தது. என் இத்தாலியத் தோழிக்கு இதைப் போட்டுக் காட்டியபோது அவள் தன் அம்மாவின் காலத்துப் பாட்டு என்று சொல்லி உடனே கூடவே பாட ஆரம்பித்தாள். அந்த மெட்டில் ஏற்கெனவே ஒரு துக்கம் இருப்பதால்தான் அது சத்தமாகப் பாடும்போதும் நெஞ்சைப் பிடிக்கிறது என்பது என் எண்ணம்.

ஹைபரி பழசு

தம்பி, தங்கச்சி இரண்டு பேரும் சந்தோஷமான பக்கத்தை எழுதிவிட்டீர்கள். நான் வந்த காலத்தில் மைதானம் நமக்கான இடமே இல்லை. எண்பதுகளில் சில மைதான வாசல்களில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி ஆட்கள் நின்று பத்திரிகை விற்பார்கள். சனிக்கிழமை மதியம் மூன்று மணி நெருங்கினால் நாங்கள் அந்தப் பக்கத்துப் பஸ்ஸில்கூட ஏற மாட்டோம். லிவர்புலுக்கு ஆடிய ஜான் பார்ன்ஸை நோக்கி வாழைப்பழம் எறிந்த நாடு இது. அதே பார்ன்ஸ்தான் 1990 உலகக் கோப்பைக்கு நியூ ஆர்டர் செய்த 'வேர்ல்ட் இன் மோஷன்' பாட்டில் ராப் பாடினார், அது முதலிடம் பிடித்தது. மான்செஸ்டர் கிளப் இசை செய்கிறவர்கள் இங்கிலாந்து அணிக்குப் பாட்டு எழுதினார்கள், அதில் ஒரு கறுப்பின வீரரின் குரல்தான் எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான்.

ஆசிட் ஹவுஸ் என்ற கிளப் டான்ஸ் இசை வந்துதான் மைதான அடிதடி குறைந்தது என்று பலர் சொல்வார்கள். அது முழுக்க உண்மை என்று நான் நம்பவில்லை. 1989 ஹில்ஸ்பரோவில் நெரிசலில் 97 உயிர் போனது. அதை விசாரித்து வந்த டெய்லர் அறிக்கை, எல்லோருக்கும் இருக்கை, கேமரா, ஏறிய டிக்கெட் விலை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் சனி மதியம் சண்டைக்கு நின்ற பையன்களில் சிலர் சனி இரவு ஒரே தளத்தில் ஆடினார்கள் என்பதை என் கூட வேலை செய்தவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஆர்சனல் பாட்டுக்கு வருகிறேன். 'கோ வெஸ்ட்' 1979-இல் வில்லேஜ் பீப்பிள் பாடியது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனால் ஒளியாமல் வாழலாம் என்று ஒருபால் ஈர்ப்பாளர்கள் கண்ட கனவு அது. பெட் ஷாப் பாய்ஸ் அதை எய்ட்ஸ் நிதிக்காக 1992-இல் மான்செஸ்டரின் ஹாசியெண்டா கிளப்பில் பாடினார்கள், மறுவருடம் இசைத்தட்டாக வந்தது. 1994-இல் கோப்பை வென்றவர்கள் கோப்பைக்கான அரையிறுதியில் பாரிஸ் ரசிகர்கள் அந்த மெட்டைப் பாடியதைக் கேட்டுத்தான் நாங்கள் எடுத்தோம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கோபன்ஹேகன் இறுதியில் பார்மாவை 1-0 என்று ஜெயித்தோம், ஆலன் ஸ்மித் கோல். அந்த மெட்டில் நாங்கள் பாடும் 'ஒன் நில் டு தி ஆர்சனல்' (ஆர்சனலுக்கு 1-0) அதோடு நிலைத்துவிட்டது.

எங்கள் பழைய மைதானமான ஹைபரியில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்ற ஒருவன் இந்தப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடிவிட்டு, அடுத்த மூச்சில் எதிரணி வீரனைப் பார்த்து ஒருபால் ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் வசையைக் கத்தினான். அவன் வாயில் இருந்த மெட்டு யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. அதனால் கேலரி மார்க் போடட்டும், ஆனால் கேலரிக்கும் யாராவது மார்க் போட வேண்டும் என்பது என் கட்சி. இப்போது எங்கள் புது மைதானமான எமிரேட்ஸில், ஒருபால் ஈர்ப்பாளர்களான ஆர்சனல் ரசிகர்களின் கே கூனர்ஸ் குழுவின் பேனர் தொங்குகிறது, அதைப் பார்க்கும்போது அந்தப் பாட்டு தன் வீட்டுக்கே திரும்பியது போல எனக்கு இருக்கிறது.

கிளைட் நர்ஸ்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஸ்காட்லாந்துக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 நவம்பர் 12, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து போனில் பெல்கிரேட் ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தேன். கொரோனா காலம், கேலரி காலி. செர்பியாவைப் பெனால்டியில் ஜெயித்து, 1998-க்குப் பிறகு முதல் தடவையாக ஆண்கள் அணி பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றது. உடை மாற்றும் அறையில் வீரர்கள் குதித்துக்கொண்டு பாடிய வீடியோ வந்தது. பக்காரா என்ற இரண்டு ஸ்பானியப் பெண்கள் 1977-இல் பாடிய 'யெஸ் சார், ஐ கேன் பூகி'! ஆண்ட்ரூ கான்சிடைன் என்ற தடுப்பாட்டக்காரர் தன் கல்யாணத்துக்கு முந்தைய விருந்துக்காகப் பெண் வேடம் போட்டு நண்பர்களோடு இந்தப் பாட்டுக்கு ஆடிய பழைய வீடியோதான் காரணம்.

எங்கள் வார்டில் மறுநாள் காலை பாத்திரம் தள்ளிக்கொண்டு வந்தவர் முதல் டாக்டர் வரை அதை முணுமுணுத்தார்கள். அந்த மாதங்களில் அந்த வார்டில் யாரும் பாடிக் கேட்டதில்லை.

2021 ஜூனில் இங்கிலாந்தோடு வெம்பிளியில் நடந்த ஆட்டத்துக்காக லண்டன் போனோம், டிக்கெட் கிடைக்கவில்லை, லெஸ்டர் ஸ்கொயரில் மழையில் நின்றோம். கில்ட் என்ற ஸ்காட்டியப் பாவாடை நனைந்து கனத்துத் தொங்குகிற ஆண்கள் உயர்ந்த குரலில் அந்தப் பெண்களின் வரிகளைப் பாடினார்கள், யாருக்கும் கூச்சமில்லை. ஆட்டம் 0-0. அதே செப்டம்பரில் பக்காராவின் மரியா மென்டியோலா இறந்துபோனார் என்ற செய்தியை எங்கள் வார்டில் எல்லோருமே கவனித்தோம்.

விகன் ரயில்

ஐயா, கேலரிக்கும் மார்க் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இன்னொரு குறை இருக்கிறது. இப்போது பல மைதானங்களில் கோல் விழுந்ததும் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள், 'ஃப்ரீட் ஃப்ரம் டிசையர்' உட்பட. கோல் அடித்த முதல் பத்து நொடியில் வரும் அந்த ஒழுங்கில்லாத கத்தல் இருக்கிறதே, அதைத் திருடுகிறார்கள். கூட்டம் தானே எடுத்து, பெயர் மாற்றி, தாளத்தைத் தட்டிப் பாடும்போதுதான் பாட்டுக்குச் சோதனை நடக்கிறது. ஸ்பீக்கர் போட்டால் எந்தப் பாட்டும் பாஸ்தான். மெர்சி அக்கா, உங்கள் லிவர்புல் மைதானமான ஆன்ஃபீல்டில் நிலைமை எப்படி?

மெர்சி கரை

ஆட்டத்துக்கு முன்னால் ஸ்பீக்கரில் பாட்டு போடுவார்கள். கோல் விழுந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் காப் கேலரிதான் பாடும், அதை மாற்ற வந்தால் சண்டைதான் நடக்கும்.