நைனாவுக்கு ஸ்ட்ரோக் வந்து 3 வாரம்: பிபி இறங்கவில்லை, சிஆர்பி 38. என்ன பார்ப்பது?

தண்டையார்பேட்டை மகள்:
வணக்கம். நைனாவுக்கு வயது 61. காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போன இடத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்றார்கள். நாங்கள் கொண்டுபோவதற்குள் நேரம் கடந்துவிட்டதால் ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போடவில்லை.

சேர்த்த அன்று பிபி 200/110. அதைக் குறைக்க முதல் நாள் ஒன்றுமே கொடுக்கவில்லை. வார்டில் நான் சண்டையே போட்டேன். இப்போது வீட்டுக்கு வந்து 10 நாள் ஆகிறது. மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தும் காலையில் 168/96, ராத்திரி 172/98. நேற்று ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி (அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) 38 வந்திருக்கிறது. தாளில் 5-க்குள் இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறது. லேபில் "அழற்சி இருக்கு" என்றார்கள். மூளை வீக்கம் இன்னும் வற்றவில்லையா? அழற்சிக்கு மாத்திரை வாங்கித் தரலாமா? அடுத்த ஓபி செவ்வாய்க்கிழமைதான்.

ராயபுரம் சிஸ்டர்:
தங்கச்சி, 22 வருஷம் வார்டில் இருந்தவள் நான். முதலில் அந்த 200 விஷயம். அடைப்பு ஸ்ட்ரோக்கில் குழாய் அடைத்த இடத்தைச் சுற்றி, சாகவும் இல்லாமல் பிழைக்கவும் இல்லாமல் கொஞ்சம் மூளை தவித்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் குழாய்கள் வழியாக அதற்கு ரத்தம் போவதே அந்த அழுத்தத்தால்தான். சட்டென்று இறக்கினால் அதுவும் போய்விடும். அதனால் ஊசி போடாதவர்களுக்கு, வேறு ஆபத்து இல்லையென்றால், 220/120 தாண்டும்வரை பொதுவாக முதல் ஓரிரு நாள் தொடமாட்டார்கள். ஊசி போடுவதாக இருந்தால் முதலில் 185/110-க்குக் கீழே கொண்டுவந்து, போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105-ஐத் தாண்டவிடமாட்டார்கள். ரத்தக்கசிவு என்றால் கணக்கே வேறு, சீக்கிரமே இறக்கப் பார்ப்பார்கள். உங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அதுதான் தப்பு.

அந்தக் கணக்கு முதல் நாட்களுக்கு மட்டும். இப்போது மெல்ல மெல்ல 130/80 பக்கம் வரவேண்டும். எந்தக் கையில் பார்க்கிறீர்கள்?

தண்டையார்பேட்டை மகள்:
இடது கையில்தான் அக்கா. படுத்திருக்கும்போதே பட்டையைச் சுற்றிவிடுவேன்.

ராயபுரம் சிஸ்டர்:
விழுந்த கையில் பார்க்காதீர்கள். அந்தக் கை இறுகியிருந்தால் ஏற்றிக் காட்டும், தொளதொளவென்று இருந்தால் இறக்கிக் காட்டும். சிறுநீர் கழித்த பிறகு முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவையுங்கள். பாதம் தரையில் படியட்டும். 5 நிமிடம் பேச்சுக் கொடுக்காமல் விட்டு, வலது கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். சட்டைக் கையின் மேல் பட்டை வேண்டாம்.

வியாசர்பாடி அண்ணன்:
எங்கள் அம்மாவுக்கும் இதே மாதிரி ஆனது. வலி மாத்திரை ஏதாவது கொடுக்கிறீர்களா மா? ஸ்ட்ரோக் வந்த பக்கம் தோள்பட்டை உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

தண்டையார்பேட்டை மகள்:
ஆமாம் அண்ணா, அழுகிறார். மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கினேன். 6 நாளாகத் தினம் இரண்டு. வாய்க்கு ருசியில்லை என்று மத்தியானம் ஒரு துண்டு கருவாடும் கேட்கிறார்.

வியாசர்பாடி அண்ணன்:
அதேதான் மா. அந்த மாத்திரை உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி பிபியை ஏற்றும். சில பிபி மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். அடைப்புக்குக் கொடுத்திருக்கும் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். இனிமேல் கொடுக்காமல், இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை எழுதி வாங்குங்கள். பிபி மாத்திரையையும் ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கருவாடு இப்போதைக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்தே உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்.

அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். கைக்கு அடியில் தலையணை கொடுங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ராயபுரம் சிஸ்டர்:
சிஆர்பிக்கு வருகிறேன். செத்த மூளைத் திசுவை அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் கூடும்போது அழற்சி வரும். அந்தச் சேதி போனதும் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கும். முதல் நாட்களில் ஏறி, பிறகு தானே இறங்கவேண்டியது. 3 வாரம் கழித்தும் 38 என்றால் மூளையை நினைத்துப் பயப்படுவதற்கு முன்னால் வேறு எங்காவது கிருமி இருக்கிறதா என்று தேடவேண்டும். அந்த அளவை இறக்க மாத்திரை தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா? சிறுநீர் ட்யூப் போட்டிருந்தார்களா? முதுகில், குதிகாலில் புண்?

தண்டையார்பேட்டை மகள்:
புண் இல்லை, புரையும் ஏறவில்லை. ட்யூப் டிஸ்சார்ஜ் அன்று எடுத்தார்கள். சிறுநீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாகப் போகிறது. எரிச்சல் என்றார், சூடு என்று நினைத்து மோர் கொடுத்தேன்.

ராயபுரம் சிஸ்டர்:
செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்கவேண்டாம். நாளைக் காலையே போய் சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்ப்பது) கேளுங்கள். குளிர் காய்ச்சலோ மயக்கமோ வந்தால் ராத்திரியே தூக்கிக்கொண்டு போங்கள். வாய் கோணினாலோ பேச்சு குளறினாலோ 108. கட்டி கரைக்கும் ஊசிக்கு, ஸ்ட்ரோக் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான்.

தண்டையார்பேட்டை மகள் (9 நாள் கழித்து):
அக்கா, அண்ணா, சிறுநீரில் கிருமிதான். ஆன்டிபயாட்டிக் 7 நாள் கொடுத்தார்கள். சிஆர்பி 9-க்கு வந்துவிட்டது. டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார்கள், பிபி மாத்திரையின் அளவை மாற்றவில்லை. இன்று காலை வலது கையில் 138/84, இரண்டாவது முறை 136/82. பிசியோ அக்கா நேற்று வந்து துண்டைச் சுருட்டி அக்குளில் வைக்கக் காட்டிக்கொடுத்தார். நைனா ராத்திரி 4 மணி நேரம் முழிக்காமல் தூங்கினார்.