பின்வளவுக் கற்குழியை மூடலாமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

பெரியப்பா, மாலை 7:12
பின்வளவுக் கற்குழி விடயமாக இன்று ஒருவர் வந்து போனார். இடித்த கட்டடக் கல்லும் மண்ணும் கொஞ்சம் ஊர்க் குப்பையும் போட்டு, காசில்லாமல் நிரப்பித் தருவாராம். மேலே இரண்டு அடி செம்மண் போட்டால் வெங்காயம் நடலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கோ.

சித்தி, 7:15
நல்ல விடயம்தானே அத்தான். மாரியில் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே பயமாக இருக்கிறது. போன வருடம் ஆட்டுக்குட்டி விழுந்ததை மறக்க முடியுமா?

ஜெர்மனி அண்ணா, 7:31
பெரியப்பா, அவசரப்பட்டு ஓம் சொல்லிப்போடாதேங்கோ. வேலை முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன்.

மாமா, 7:40
நிரப்பினால் நிலம் திரும்பக் கிடைக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜெர்மனி அண்ணா, இரவு 10:05
மாமா, நிலம் கிடைக்கும். தண்ணீர் கிடைக்குமா என்பதுதான் என் பயம். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி ஓட்டத்தில் கார்ஸ்வைலர் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. மேலிருந்து அகழ்ந்துகொண்டு போகும் திறந்த குழி. அதற்குக் கொஞ்சம் தள்ளி உள்ள ஹம்பாக் குழி சுமார் 400 மீற்றர் ஆழம். அவ்வளவு ஆழம் போனால் சுற்றியுள்ள நிலத்தடி நீரெல்லாம் குழிக்குள் பாயும். அதனால் குழியைச் சுற்றிக் குழாய்க்கிணறுகள் போட்டு, இரவு பகலாக, வருடக்கணக்காக இறைக்கிறார்கள். பல கிலோமீற்றருக்கு அப்பாலும் நீர்மட்டம் இறங்குகிறது. நெதர்லாந்து எல்லைப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள் காய்ந்துபோகாமல் இருக்க, இறைத்த தண்ணீரையே சுத்தம் செய்து திரும்ப நிலத்துக்குள் விடுகிறார்கள்.

மாமா, 10:11
நெய்வேலியிலும் இதுதான். இந்தியாவில் அகதியாக இருந்தபோது கடலூர்ப் பக்கம் வேலை செய்தேன், தெரியும். அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது. இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் குழியின் அடியைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். சரி, தோண்டும்போது கெடுதல். மூடிய பிறகு என்ன?

ஜெர்மனி அண்ணா, 10:24
மூடிய பிறகுதான் பெரிய கதை. தோண்டும் முன் மணலும் களியும் அடுக்கடுக்காக இருந்தன. களி அடுக்கு மேல்நீரையும் கீழ்நீரையும் பிரித்து வைத்திருந்தது. திரும்பக் கொட்டும்போது எல்லாம் கலந்த ஒரே மண், பழைய அடுக்கு வராது. இன்னொன்று, நிலக்கரியோடு இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற்று என்ற கனிமம் வரும். ஆழத்தில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. கிளறி வெளியே போட்டால் காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது. இறைப்பை நிறுத்தியதும் நீர் மெல்ல ஏறும், ஏறும்போது இரும்பையும் சல்பேற்றையும் கரைத்துக்கொண்டு வரும். ஜெர்மனியின் கிழக்கே, பழுப்பு நிலக்கரி தோண்டும் லௌசிட்ஸ் பகுதியில் ஸ்ப்ரே ஆறு இரும்பால் மண்ணிறமாக ஓடியதை நானே பார்த்தேன்.

சித்தி, 10:29
ஆனால் எங்கள் குழியில் நிலக்கரி இல்லையே தம்பி.

ஜெர்மனி அண்ணா, 10:31
ஓம் சித்தி. அந்த அமிலத்தை அடக்க, கார்ஸ்வைலரில் கொட்டும் மண்ணோடு சுண்ணாம்பு கலக்கிறார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் நிலமே சுண்ணக்கல். அமிலப் பயம் எங்களுக்கு இல்லை. மற்றதை மாமி சொல்லட்டும், புவியியல் படிப்பித்தவர்.

மாமி, 10:46
சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மண்ணைப் போல அது வடிகட்டாது. மேலே கொட்டியது நேரே கிணற்றுக்குப் போய்விடும். நிலாவரைக் கிணற்றின் நீரும் கீரிமலைக் கேணியின் நீரும் இந்தக் கல்லுக்குள்ளால் வருகிறவைதான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து சவர் 40 அடி ஏறப் பார்க்கும். காங்கேசன்துறையில் 1990 வரை சீமெந்துக்காகக் கல் வெட்டிய பெருங்குழிகளை நினைத்துப் பாருங்கள். நீரைத் தாங்கி நின்ற கல்லையே எடுத்துவிட்டோம். எங்கள் குழி சின்னதுதான். ஆனால் குடிதண்ணீர்க் கிணறு அதிலிருந்து நூறு அடிகூட இல்லை.

பெரியப்பா, 10:52
மாரியில் அந்தக் குழியில் ஊறி நிற்பது கிணற்றுத் தண்ணீர்தான் என்று ஐயாவும் சொல்லுவார்.

மாமி, 10:55
அதுதான் அண்ணா. அதற்குள் பழைய பற்றரியும் பெயின்ற் வாளியும் போனால், நாங்கள் குடிக்கும் தண்ணீரில் நேரே போட்டது போலத்தான். சுன்னாகப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, வீட்டில் கிணறு இருந்தும் சனம் தண்ணீர் கொண்டு வரும் பவுசருக்குக் காத்து நின்றது. அதை நான் மறக்கவில்லை.

தங்கச்சி, 11:02
அப்ப குழியை அப்படியே விடுவதா? ஆட்டுக்குட்டி கதை திரும்பவும் நடக்கும்.

ஜெர்மனி அண்ணா, 11:09
முதலில் வேலி. பிறகு நிரப்புவதென்றால், எங்கிருந்து வந்தது என்று தெரிந்த சுத்தமான கல்லும் மண்ணும் மட்டும். அதற்கும் முன்னால் கிணற்றை அளக்க வேண்டும். அமெரிக்காவில் 1977இல் வந்த சட்டப்படி, நிலக்கரி தோண்ட அனுமதி கேட்கிறவர் அந்த இடத்து நீரின் அளவையும் தரத்தையும் முதலே பதிவு செய்து கொடுக்க வேண்டும். அகழ்வால் ஒருவரின் கிணறு கெட்டால், மாற்றுத் தண்ணீர் கொடுக்க வேண்டியதும் அவர்தான். பதிவு இருப்பதால்தான் கேட்க முடிகிறது. எங்களிடம் என்ன பதிவு இருக்கிறது பெரியப்பா?

பெரியப்பா, 11:14
ஒன்றும் இல்லை மகன். எல்லாம் வாய்ப்பேச்சுத்தான்.

மாமி, 11:17
அப்ப நாளைக்கே தொடங்குவோம். ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து வையுங்கோ அண்ணா, உப்பு எவ்வளவு என்று பார்க்கக் கொடுக்கிறேன். கோடையில் ஒரு முறை, மாரி முடிந்து ஒரு முறை.

பெரியப்பா, காலை 6:20
கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்தேன். கட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் 19 அடி 4 அங்குலம். கொப்பியில் திகதியோடு எழுதிவிட்டேன். போத்தல் திண்ணையில் இருக்கிறது. வந்தவருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. முள்ளுக்கம்பி அடிக்க ஆள் பத்து மணிக்கு வருகிறார்.

சித்தி, 6:24
தேத்தண்ணி போட்டு வைக்கிறேன் அத்தான். எங்கள் கிணற்றையும் ஒருக்கால் அளந்து தாங்கோ.