"என் பேர் எந்தப் பட்டியல்ல இருக்கு?" – காலநிலைக் கொள்கையும் தொழிலாளர்களும்: உங்கள் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

எட்டு வருடங்களாகத் தொழிற்சங்கங்களுக்கும் காலநிலை இயக்கங்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறேன். அனல்மின் நிலைய வாசல்களில் கூட்டம் போடுவது, கோரிக்கை எழுதுவது, அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசுவது, இதுதான் என் வேலை. இந்த இழையைத் தொடங்குவதற்குக் காரணம் முதல் வருடம் ஒருவர் கேட்ட கேள்வி.

ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டம். நான் தயாராகத்தான் போயிருந்தேன். புவி எவ்வளவு சூடாகியிருக்கிறது, நிலக்கரி எரிந்தால் என்னென்ன வெளியாகிறது, எதை எப்போது நிறுத்தியாக வேண்டும், எல்லாம் சொன்னேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அனலும் தூசும் என்ன செய்யும் என்று அவர்களுக்கு நான் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. முடிக்கிற நேரத்தில், பின்னால் நின்றிருந்த ஒருவர் சட்டைப்பையிலிருந்து கேட் பாஸை எடுத்து நீட்டினார். சாம்பல் பிரிவு, கான்ட்ராக்டர் மூலம் வந்தவர். பிளாஸ்டிக் உறை மஞ்சளாகி, மூலை கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. பின்பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்ட புதுப்பிப்பு முத்திரைகள், ஒன்றின் மேல் ஒன்று. இடம் போதாமல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி அதிலும் போட்டிருந்தார்கள்.

"மூடினா நிரந்தரமா இருக்கறவங்களுக்கு வேற இடம் குடுப்பாங்கன்னு சொல்றீங்க. சரி. என் பேர் எந்தப் பட்டியல்ல இருக்கு?"

எந்தப் பட்டியலிலும் இல்லை. பதினோரு வருடமாக அங்கே சாம்பல் அள்ளுகிறவர், நிலைய நிர்வாகத்தின் கணக்கில் அந்த நிலையத்தின் தொழிலாளியே கிடையாது. விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி என்ற அனல்மின் நிலையம், 1961-இல் ஓடத் தொடங்கியது, 2022 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டது. நிரந்தர ஊழியர்களை நிறுவனம் தன் மற்ற நிலையங்களுக்கு மாற்றிக்கொண்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் நிலையத்தை நம்பிப் பிழைத்த சுற்றுவட்டாரமும்தான் அடிபட்டார்கள். அங்கே சோலார், காற்றாலை, பேட்டரி கொண்டுவரவும் மக்களுக்கு உதவவும் உலக வங்கி 49.7 கோடி டாலர் அறிவித்தது, மூடிய சில நாட்கள் கழித்து. வேலை முதலில் போனது, பணம் பிறகு வந்தது. இந்த வரிசையைப் பார்த்த எந்தத் தொழிலாளி அடுத்த திட்டத்துக்குக் கை தூக்குவார்? அதனால் யார் யார் என்ற பட்டியல் முதலில் முடியட்டும், மூடும் தேதியைப் பிறகு வைக்கலாம் என்பது என் கருத்து.

நிலக்கரி போன்றவற்றை விட்டு மாறும்போது தொழிலாளர்களைக் கைவிடக்கூடாது என்கிற 'நியாயமான மாற்றம்' என்ற கருத்து 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே இருக்கிறது. அதன் வேர் இன்னும் பழையது. டோனி மசோக்கி என்ற அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் எண்ணெய், இரசாயன, அணுத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் இருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு படிக்கவும் பிழைக்கவும் பணம் கொடுத்ததைத் தன் வாழ்க்கையிலேயே கண்டவர். நச்சு ஊறிய நிலத்தைச் சுத்தம் செய்ய 1980-இல் அந்த நாட்டில் 'சூப்பர்ஃபண்ட்' என்று ஒரு நிதியைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். மண்ணுக்கு ஒரு நிதி என்றால், ஆலை மூடும்போது வேலை இழக்கிற மனிதனுக்கும் ஒரு நிதி வேண்டும் என்று மசோக்கி கேட்டார். அந்தக் கேட் பாஸைப் பார்த்த பிறகுதான் அவர் கேட்டதன் கனம் எனக்கு உறைத்தது.

உங்களிடம் யார் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஆட்களின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

மறுமொழி: கொதிகலன் பிரிவு, 22 வருடம்

உங்கள் கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிற ஆள் நான். எங்கள் யூனிட்டை நிறுத்தப் போகிறோம் என்று சொன்னதும் மறுபயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். ஆறு வாரம். போனேன். முதல் நாள் மின்னழுத்தம் அளக்கிற மல்டிமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நிலையத்து மின்சாரம் வெளி லைனுக்குப் போகிற சுவிட்ச்யார்டில் இருபது வருடம் 400 கேவி (கிலோவோல்ட்) லைனில் வேலை பார்த்தவர். அவர் எதுவும் பேசவில்லை. மீட்டரை வாங்கி, புரோபை இரண்டு விரலால் துடைத்து, திரும்ப மேசையில் வைத்துவிட்டார். அடுத்த நாள் வரவில்லை. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது, எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். வேலை கிடைக்கவில்லை. அந்தச் சான்றிதழைப் பார்த்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

எங்களை முதலிலேயே உட்காரவைத்துக் கேட்டிருந்தால் எவ்வளவோ சொல்லியிருப்போம். நிலக்கரி நின்றாலும் சுவிட்ச்யார்டும் டிரான்ஸ்ஃபார்மரும் லைனும் அங்கேதான் இருக்கப்போகின்றன. சோலாருக்கும் பேட்டரிக்கும் இன்று பெரிய தலைவலியே மின்தொகுப்பில் இணைய இடம் கிடைப்பதுதான். அது எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிறது. பழைய ஜெனரேட்டரை டர்பைனிலிருந்து கழற்றிவிட்டுத் தனியாகச் சுழலவிட்டால், சின்க்ரனஸ் கண்டென்சராக மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். காற்றும் வெயிலும் கூடக் கூட அது இன்னும் அதிகமாகத் தேவைப்படும். அதற்குப் பேரிங் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிற ஆள் வேண்டும். அந்த ஆட்களைத்தான் வெளியே அனுப்பினார்கள்.

அப்புறம் ஒரு வருடம் கழித்து வேறொரு குழு வந்தது. படிவம் நீட்டவில்லை. "ஒரு ஷிப்ட் முழுக்க உங்ககூட நடக்கறோம், நீங்க என்னென்ன செய்யறீங்கன்னு எழுதிக்கறோம்" என்றார்கள். என் ஒருவனுக்கே பதினான்கு பக்கம் எழுதினார்கள். எனக்கு இத்தனை தெரியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பயிற்சி வைக்கிறவர்கள் முதலில் இதைச் செய்யட்டும்.

மறுமொழி: கூரை சோலார் நிறுவும் வேலை

'பச்சை வேலை' என்றால் நல்ல வேலை என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் சேர்ந்தபோது பேனல் கணக்கில் கூலி. எத்தனை பேனல் ஏற்றினாயோ அத்தனைக்குத்தான் காசு. அப்படி இருந்தால் என்ன நடக்கும் தெரியுமா? கயிறு கட்ட ஆங்கர் அடிக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்துக்குக் கூலி இல்லை. அதனால் யாரும் அடிப்பதில்லை. பெல்ட்டை இடுப்பில் மாட்டியிருப்போம், கொக்கி எதிலும் மாட்டியிருக்காது. கீழே இருந்து படம் எடுத்தால் பாதுகாப்பாகத் தெரியும். என்னோடு இருந்த பையன் ஒருநாள் காலைப் பனி காயாத சரிவில் வழுக்கிக் கூரை விளிம்பு வரைக்கும் போனான். ரெயில் கம்பியில் பூட்ஸ் மாட்டியதால் பிழைத்தான். ஐந்து நிமிடம் யாரும் எதுவும் பேசாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்து மீதிப் பேனலை மாட்டினோம், கணக்கு முடியவேண்டுமே.

சங்கம் வந்த பிறகு நாள் கூலியானது. ஆங்கர் அடிக்கும் நேரமும் வேலை நேரத்தில் சேர்ந்தது. அவ்வளவுதான் மாற்றம். விழுவது நின்றது.

சட்டம் இதைச் செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் கையெழுத்தான பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் சோலார், காற்றாலைக்கான அடிப்படை வரிச்சலுகை முதலீட்டில் 6 சதவீதம்தான். அந்த வட்டாரத்தில் நிலவும் தொழிற்கூலியைக் கொடுத்து, குறிப்பிட்ட அளவு வேலையை அப்ரென்டிஸ்களுக்கும் ஒதுக்கினால் அது 30 சதவீதம். ஐந்து மடங்கு! கூலியைக் குறைத்து மிச்சம் பிடிப்பதைவிட ஒழுங்காகக் கொடுப்பதே முதலாளிக்கு லாபம் என்று கணக்கையே திருப்பிவிட்டார்கள். ஆனால் 1 மெகாவாட்டுக்குக் கீழே உள்ள வேலைகளுக்கு அந்த நிபந்தனை கிடையாது. வீட்டுக் கூரையில் ஏறுகிற என்னைப் போன்றவன் அதற்குள் வரமாட்டான். கொள்கை எழுதுகிறவர்கள் இந்த ஓட்டையைத் தயவுசெய்து கவனிக்கவேண்டும். 2025 ஜூலையில் வந்த இன்னொரு சட்டம் காற்றாலை, சோலார் சலுகைகளுக்கே சீக்கிரம் முடிவுத் தேதி வைத்துவிட்டது, அது வேறு வருத்தம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரிய சோலார் பண்ணையில் கட்டும்போது நூற்றுக்கணக்கில் ஆள், ஓடத் தொடங்கியதும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆள். 'இத்தனை ஆயிரம் வேலை' என்று மேடையில் சொல்கிறவர்கள் அது எத்தனை மாத வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மறுமொழி: காற்றாலைப் பராமரிப்பு

தொடங்கியவரிடம் ஒரு மாற்றுக் கருத்து. பட்டியல் முடியட்டும், பிறகு தேதி வைக்கலாம் என்று சொன்னால் பட்டியல் ஒருநாளும் முடியாது. தேதி வந்தால்தான் எல்லாரும் மேசைக்கு வருவார்கள். ஜெர்மனியில் கடின நிலக்கரிச் சுரங்கங்களை 2018-க்குள் மூடுவது என்று 2007-இலேயே முடிவு செய்தார்கள். சங்கமும் அந்தப் பேச்சில் இருந்தது. பதினோரு வருடம் கையில் இருந்ததால் கட்டாய ஆட்குறைப்பு இல்லாமல், முன்கூட்டிய ஓய்வு, வேறு சுரங்கத்துக்கு மாற்றம், புதுத் தொழிற்பயிற்சி என்று ஆட்களைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ரூர் பகுதியில் கடைசிச் சுரங்கமான புரோஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பரில் மூடியபோது, மேலே கொண்டுவந்த கடைசி நிலக்கரித் துண்டைத் தொழிலாளி ஒருவர் குடியரசுத் தலைவர் கையில் கொடுத்தார். அழுதார்கள். ஆனால் தெருவில் நிற்கவில்லை.

மறுமொழி: வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்கும் வேலை

நான் சங்கத்தில் இல்லை, வீடுகளில் பேசுகிறவள். 'காலநிலைக் கொள்கையை ஆதரிக்கிறீர்களா' என்று கேட்டால் பாதிக் கதவுகள் மெதுவாகச் சாத்தப்படும். ஒரு அக்கா மட்டும், இரும்மா என்று உள்ளே போய் இரண்டு மாத மின் பில்லை எடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதுல எது குறையும், அதைச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து நான் பேச்சைத் தொடங்குவதே பில்லில் இருந்துதான்.

பணம் கொடுத்தாலும் அது கண்ணுக்குத் தெரியவேண்டும். கனடாவில் எரிபொருள் மீதான கார்பன் கட்டணத்தின் பெரும்பகுதியை மக்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். முதலில் வருமான வரிக் கணக்கோடு சேர்த்து, 2022 ஜூலையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில். வங்கிக்கு வங்கி ஏதோ ஒரு பெயரில் வரவு விழுந்ததால், எதற்கு வந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. பெட்ரோல் போடும்போது கட்டணம் மட்டும் தெரிந்தது. 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். பிரான்ஸில் இன்னும் மோசம். பணக்காரர்களின் சொத்து வரியைச் சுருக்கிவிட்டு, தூரத்திலிருந்து வேலைக்கு வண்டியில் போகிறவர்களின் டீசல் மீது வரியைக் கூட்டப் போனார்கள். 2018 நவம்பரில் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு போராட வந்தவர்கள் ரவுண்டானாக்களில் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமே அந்த உயர்வு கைவிடப்பட்டது. அவர்கள் காலநிலைக்கு எதிரிகள் என்று எழுதியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தொடங்கியவரின் மறுமொழி

காற்றாலைக்காரர் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். தேதியும் உத்தரவாதமும் ஒரே காகிதத்தில் வரவேண்டும். ஸ்பெயினில் 2018 அக்டோபரில் அப்படித்தான் நடந்தது. பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்களை அந்த வருட இறுதியில் மூட சங்கங்களே கையெழுத்துப் போட்டன. சுமார் 25 கோடி யூரோ, 48 வயது தாண்டியவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு, மற்றவர்களுக்கு இழப்பீடு, சுரங்க நிலத்தை மீட்கும் பணியில் முன்னுரிமை. அடுத்த வருடத் தேர்தலில் அந்தப் பகுதிகளில் ஆளுங்கட்சியின் வாக்கு குறையவில்லை, ஒப்பிடத்தக்க மற்ற இடங்களைவிட சுமார் 1.8 சதவீதப் புள்ளி கூடியதாகப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். சுரங்கத்தை மூடியவர்களுக்குச் சுரங்க ஊர்களே வாக்களித்தன.

கேட் பாஸ்காரர் என்ன ஆனார் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பட்டியல் தயாரிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. கான்ட்ராக்டர்கள் கொடுத்த கணக்கில் 180 பேர். தொழிலாளர்களே ஷிப்ட் ஷிப்டாக உட்கார்ந்து எழுதிய கணக்கில் 412 பேர். சாம்பல் லாரி ஓட்டுகிறவர்கள், கன்வேயருக்கு அடியில் சிந்தியதைப் பெருக்கும் பெண்கள் எல்லாம் இரண்டாவதில்தான் இருந்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும் வரைவில் அந்த இரண்டாவது பட்டியலை இணைப்பாகச் சேர்த்தோம்.

அவரிடம் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி, தன் பெயரில் நிறுத்தினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "சேர்ந்த வருஷம் தப்பா இருக்கு" என்றார். நாங்கள் கான்ட்ராக்டர் பதிவேட்டைப் பார்த்து மூன்று வருடம் என்று போட்டிருந்தோம். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பதிவேடும் புதிதாகத் தொடங்கும். இழப்பீடு சேவைக் காலத்தை வைத்துத்தான். அந்த மஞ்சள் உறையைப் பிரித்து, ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தை மெதுவாக உரித்தார். அடியில் பழைய முத்திரைகள் அழியாமல் இருந்தன, முதல் வருடத்தில் இருந்து. இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துப் பட்டியலோடு பின் செய்தோம்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நாற்பது பேர் அவரவர் பழைய பாஸோடு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றார்கள்.