இரண்டு நிமிடத்தில் ஆத்தங்குடிக் கல்லா?

பட்டறைக்காரன்:
"செயற்கை நுண்ணறிவு இரண்டு நிமிடத்தில் ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குப் பூ வடிவம் போட்டுத் தருகிறது, இனிக் கைவேலைக்காரன் எதற்கு" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் வைத்த தகட்டு அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றிவிட்டு, அச்சை நேராகத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் சிவப்பு மஞ்சளோடு கலந்துவிடும். அச்சை யார் தூக்குவது?

காரைக்குடி வரைபவர்:
எழுதியவன் நான்தான். வரைகிற கையைத்தான் சொன்னேன். இரண்டு நாள் வேலை இரண்டு நிமிடத்தில் முடிகிறது. எனக்கு வரும் வேலை பாதியாகிவிட்டது, வயிற்றெரிச்சலில் எழுதினேன்.

பட்டறைக்காரன்:
அந்த இரண்டு நிமிடப் படம் ஒன்றை வாடிக்கையாளர் கொண்டுவந்தார். நான்கு கல்லைச் சேர்த்தால் மூலையில் பூ கூடவில்லை. கோடுகளோ மயிரிழை, அச்சுத் தகட்டின் கனம்கூட இல்லை. அதற்கு எப்படி அச்சுச் செய்வது? நான் உட்கார்ந்து திருத்தினேன். அது எத்தனை நிமிடம்?

காரைக்குடி வரைபவர்:
இன்று கூடாத மூலை நாளை கூடும். அப்போதும் இதையே சொல்வீர்களா?

பட்டறைக்காரன்:
சொல்வேன். அச்சை யார் தூக்குவது?

தேவகோட்டை ஆச்சி:
கையின் பெருமை பேசுகிறீர்கள், சரி. என் மகன் வீட்டுக்குக் கல் தருகிறேன் என்று முன்பணம் வாங்கி மூன்று மாதம் இழுத்தடித்ததும் உங்களைப் போன்ற ஒரு பட்டறைதான்.

பட்டறைக்காரன்:
ஆச்சி, ஊற்றிய கல் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும், காய வேண்டும். மழைக்காலத்தில் அவசரப்பட்டால் கல் வெடிக்கும். ஒருவன் செய்த தப்புக்கு ஊரையே பழிக்காதீர்கள்.

நெசவாளர் மகன்:
காரைக்குடிக் கைத்தறிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விசைத்தறிச் சேலையைக் கண்டாங்கி என்று விற்கிறார்கள். எங்கள் சோற்றில் மண் போட்டது செயற்கை நுண்ணறிவு அல்ல.

தேவகோட்டை ஆச்சி:
விலை கட்டுப்படியானால் நாங்கள் ஏன் விசைத்தறிச் சேலை வாங்குகிறோம்?

நெசவாளர் மகன்:
கல்யாணத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர்களுக்குத் தறிக்கூலிதான் கனக்கிறதா, ஆச்சி?

காரைக்குடி வரைபவர்:
பேச்சு எங்கோ போய்விட்டது. என் வேலை போனதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பட்டறைக்காரன்:
உங்கள் வேலை போனது எனக்கும் வருத்தம்தான். அதற்காக என் வேலையும் போகும் என்று எழுதுவீர்களா? எங்கள் பட்டறையில் பழகவரும் பையன்கள் இதைப் படித்துவிட்டுத்தான் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அச்சை யார் தூக்குவது?