பூஸ்ட் ஏத்தின டர்போ வண்டிக்கு இக்னிஷன் காயிலும் மாத்தணுமா? ஃபுல் த்ராட்டில்ல மிஸ்ஸிங் (சிலிண்டர்ல கலவை பத்தாம போறது) வருது, உதவுங்க

டர்போதம்பி:
எல்லாருக்கும் வணக்கம். என்னோடது 2.0 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். டவுன்பைப், இன்டேக், பெரிய இன்டர்கூலர் போட்டு இன்ஜின் கம்ப்யூட்டரை ரிமேப் பண்ணியாச்சு, கம்பெனியில 0.9 பார் இருந்த பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம்) இப்ப 1.5 வரைக்கும் போகுது. பிரச்சனை என்னன்னா நாலாவது கியர்ல முழுசா மிதிச்சா 4000 ஆர்பிஎம் கிட்ட வண்டி விக்கல் எடுக்குற மாதிரி டக் டக்னு உதறுது, 5500 தாண்டிட்டா திரும்ப சரியாயிடுது. பாதி மிதிச்சா ஒண்ணும் தெரியல, ஐடிலிங் சுத்தமா இருக்கு. ஸ்கேன் பண்ணா பி0300 (பொதுவா மிஸ்ஃபயர்), கூடவே பி0303 (மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர்). லாக்ல அந்த இடத்துல மிக்ஸ்சர் லீன்னு (பெட்ரோல் கம்மின்னு) காட்டுது. பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்குற காயில் எல்லாம் வண்டியோட வந்தது, இதுவரைக்கும் மாத்தினதே இல்ல. ஹை அவுட்புட் காயில் போட்டா இதுவும் சரியாகும் பவரும் ஏறும்னு சொல்றாங்க. போடலாமா, இல்ல வேற ஏதாவது பார்க்கணுமா?

ரெவ்லிமிட்:
தாராளமா போடுங்க ப்ரோ. எனக்கும் இதே மிஸ்ஸிங் தான், புது செட் போட்ட அன்னைக்கே நின்னுடுச்சு.

பிளக்கப்பு:
தம்பி, காசு செலவு பண்றதுக்கு முன்னாடி பிளக்கை கழட்டிப் பாருங்க. சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏற ஏற பிளக் முனையில பொறி தாண்டுறதுக்கு அதிக வோல்டேஜ் வேணும், முனைகளுக்கு நடுவுல இருக்கிற கேப் பெருசா இருந்தாலும் அதே கதை தான், இது பாஷென் விதின்னு 1889-லயே சொல்லிட்டாங்க. உங்க வண்டி 4000-ல விக்கி 5500-ல சரியாகுறதே பெரிய துப்பு, ஏன்னா டார்க் (இழுவை) உச்சத்துல இருக்கும்போது தான் சிலிண்டர்ல காத்து அதிகமா அடைபடும், மேல போகப் போக அது குறையும். காயிலுக்கு சார்ஜ் ஆக நேரம் பத்தலன்னா மேல போகப் போக மோசமாகணும், உங்களுக்கு அப்படியே தலைகீழா நடக்குது. அதுவும் பிளக்குக்கு ஒரு காயில் இருக்கிற வண்டியில 7000 ஆர்பிஎம்லயும் ஒரு காயிலுக்கு 17 மில்லி செகண்ட் கிடைக்கும், சார்ஜ் ஆக 3 சொச்சம் போதும். அந்த நேரப் பஞ்சம் எல்லாம் ஒரே காயில் வெச்சு டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டின காலத்தோடது.

லீன்னு காட்டுறதை நம்பி பெட்ரோலை ஏத்திடாதீங்க. எரியாம போன காத்துல இருக்கிற ஆக்சிஜனைத் தான் சென்சார் பார்க்குது, மிஸ் அடிச்சாலே லீன்னு தான் காட்டும்.

பவர் ஏறும்னு சொல்றது தப்பு. கேப் உடைய 20 ஆயிரம் வோல்ட் போதும்னா, 40 ஆயிரம் தரக்கூடிய காயில் போட்டாலும் 20-ல பொறி தாண்டிடும், அதுக்கு மேல ஏறாது. கலவை ஏற்கனவே ஒழுங்கா பத்திக்கிட்டிருந்தா புது காயில் ஒரு குதிரை கூட சேர்க்காது. ரெவ்லிமிட் நண்பருக்கு சரியானது உண்மையா இருக்கும், ஆனா வயசான காயிலை எடுத்துட்டு புது ஒரிஜினல் போட்டிருந்தாலும் சரியாயிருக்கும்.

இப்படிப் பண்ணுங்க. மூணாவது காயிலை ஒண்ணாவதுக்கு மாத்துங்க, மூணாவது பிளக்கை ரெண்டாவதுக்கு மாத்துங்க. அப்புறம் கோட் பி0301 ஆனா காயில், பி0302 ஆனா பிளக், மூணுலயே நின்னா இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரெஷன்னு போங்க. கழட்டும்போதே பிளக்கோட பீங்கானை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, இரும்புக்கு மேல வளையமா பழுப்புக் கறை இருந்தா அது கொரோனா கறை (அதிக வோல்டேஜால காத்துல இருக்கிற ஆயில் துகள் ஒட்டுறது), கவலை வேணாம், ஆனா மேல இருந்து கீழ பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பா மெல்லிசா ஓடுச்சுன்னா பொறி உள்ள போகாம வெளிப்பக்கமா இறங்குதுன்னு அர்த்தம். பிளக் குழியில ஆயில் நிக்குதான்னும் பாருங்க, வால்வ் கவர் கேஸ்கெட் கசிஞ்சா பிளக்கை மூடுற காயிலோட ரப்பர் பூட் ஊறி இளகிடும். இதெல்லாம் முடியுற வரைக்கும் முழுசா மிதிக்காதீங்க, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக்ல போய் எரிஞ்சு அதையும் காலி பண்ணிடும்.

டர்போதம்பி:
ரொம்ப நன்றி அண்ணா. மாத்திப் பார்த்தேன், கோட் பி0301-க்கு போயிடுச்சு. பிளக் கேப் நாலுலயும் 0.9 மிமீ கிட்ட இருக்கு. மூணாவது பீங்கான்ல நீங்க சொன்ன கருப்புக் கோடு அப்படியே இருக்கு, பூட்டுக்குள்ளயும் அதே கோடு. அப்ப காயில் அப்கிரேட் தான் வழியா?

பிளக்கப்பு:
காயில் மாத்தணும், அப்கிரேட் வேணும்னு இல்ல. பூட் தனியா கிடைச்சாலும் அந்தக் காயில் கேப்பை உடைக்க முடியாம திணறி சூடாகியே ஓடியிருக்கும், அதனால நாலையும் புது ஒரிஜினலா போட்டுடுங்க. பிளக்கும் புதுசு, ஒரு ஸ்டெப் கோல்டு, அதாவது சூட்டை இன்னும் வேகமா வெளிய கடத்துறது. நம்பர்ல ஏமாந்துடாதீங்க, என்ஜிகேல நம்பர் ஏறினா கோல்டு, பாஷ்ல ஏறினா ஹாட். கேப் 0.65 வெச்சு ஆரம்பிங்க. இரிடியம்னா நடு முனையில எதுவும் படக்கூடாது, காசு மாதிரி வட்டமா இருக்கிற கேஜை உள்ள சொருகி நெம்பினா முனை உடையும், வெளிக் கொம்பை மட்டும் மெதுவா வளைங்க. ரொம்பக் குறைச்சாலும் பொறி சின்னதாகி ஐடிலிங் உதறும்.

இசியுமாமா:
அப்கிரேட் யாருக்கு வேணும்னும் சொல்லிடறேன். எத்தனால் ரொம்ப அதிகமா கலந்த பெட்ரோல், மெத்தனால் ஸ்ப்ரே, இல்ல 2 பாருக்கு மேல பூஸ்ட் வெச்சு கேப்பை 0.55 வரைக்கும் குறைச்சும் மிஸ் அடிக்குதுன்னா அப்பத்தான் யோசிக்கணும். அப்பவும் டியூனர்கிட்ட ட்வெல் (காயில் சார்ஜ் ஆகுற நேரம்) டேபிள் மாத்த முடியுமான்னு முதல்ல கேளுங்க. பெரிய காயிலுக்கு சார்ஜ் நேரம் வேற, பழைய ட்வெல்லயே ஓட்டினா அரைகுறையா தான் சார்ஜ் ஆகும், கண்ணை மூடிக்கிட்டு ஏத்தினா காயிலும் அதை இயக்குற டிரைவர் சர்க்யூட்டும் வேகும். இன்னொண்ணு, இக்னைட்டர் (காயிலை ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) உள்ளயே இருக்கிற காயிலும் இல்லாத காயிலும் ஒண்ணு இல்ல, கனெக்டர் பொருந்துதேன்னு மாத்திப் போட்டா இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவே போயிடலாம். ஆடி ஆர்8 காயிலை ஃபோக்ஸ்வாகன் 2.0 டர்போல போடுறாங்களே, அது நேரா உட்காரும், அதனால தான் அவ்வளவு பேர் போடுறாங்க, ஆனா அதுவும் பவர் பார்ட் இல்ல. காயில் கனெக்டர்ல வோல்டேஜும் எர்த்தும் மீட்டர் வெச்சுப் பாருங்க, ஓடும்போது 14 கிட்ட வரணும், அங்க 1 வோல்ட் குறைஞ்சாலே எந்தக் காயிலும் சோர்ந்துடும்.

டர்போதம்பி:
புது ஒரிஜினல் நாலு, ஸ்டெப் கோல்டு பிளக், கேப் 0.65. கனெக்டர்ல 13.9 வருது. அதே நாலாவது கியர், 1.5 பார், லாக்ல மிஸ்ஃபயர் கவுன்ட் பூஜ்யம். லீன்னு காட்டினதும் இப்ப இல்ல. ஐடிலிங் முன்ன மாதிரியே இருக்கு.

பிளக்கப்பு:
அருமை தம்பி. கொஞ்ச நாள் ஓட்டிட்டு ஒரு பிளக்கை மட்டும் கழட்டி கேப் எவ்வளவு விரிஞ்சிருக்குன்னு அளந்து போடுங்க, இந்த பூஸ்ட்ல பிளக் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்னு அதுல தெரிஞ்சுடும்.