ஒல்லியாக இருந்தும் இனிப்பு நீர் வந்தது, உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்

கிள்ளான்வாசி:

எனக்கு வயது 38. எடை 52 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையைப் பக்கத்தில் ஒரு தையல் பிரித்துவிட்டால் இன்றைக்கும் போட்டுக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் "என்னடி இப்படி இளைச்சுப் போயிருக்கே, சாப்பிடறதில்லையா" என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட எனக்குத்தான் போன வருடம் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு என்று சொன்னார்கள்.

கோயில் திருவிழாவில் இலவசமாக விரலில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்குத் துணையாக வரிசையில் நின்றேன், அவ்வளவுதான். அவருக்குத் தொப்பை இருக்கிறது, அவருக்குத்தான் பயந்தேன். இரத்தத்தில் சீனி அவருக்கு 6.1, எனக்கு 13.2 மில்லிமோல். கையில் பிரசாதம் ஒட்டியிருக்கும் என்று நினைத்து, கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் குத்தச் சொன்னேன். அப்போதும் 13தான். அடுத்த வாரம் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.4 என்று வந்தது. நம் மலேசியாவில் 6.3 இருந்தாலே வியாதி என்று எழுதிவிடுவார்கள்.

இதில் நான் மறைக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதே சீனித் தண்ணி குடிக்க வைத்துப் பார்த்து, சீனி கூடுதலாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்து ஒரு முறை, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று சிவப்புப் பேனாவால் அட்டையில் எழுதியும் கொடுத்தார்கள். நான் போகவில்லை. பிள்ளை பிறந்தது, சீனி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு தனியார் கிளினிக்குக்குத் தலைசுற்றல் என்று போனபோது "நீங்க ஒல்லிதானே, சீனியெல்லாம் இருக்காது" என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதைக் கேட்க எனக்கும் இதமாக இருந்ததால் நானும் நம்பிவிட்டேன். ஏழு வருடம் போய்விட்டது.

ஒல்லி என்றால் எது ஒல்லி என்பதை அரசாங்க கிளினிக்கில் ஒரு மலாய் டயட்டிஷன்தான் எனக்குப் புரிய வைத்தார். சின்னப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு ஒரே மாதிரி, 22.3. ஆனால் உடம்புக்குள் இருக்கும் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, புனேக்காரருக்கு 21.2. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த படம் அது. நம் ஆட்களுக்குக் கை கால் மெலிந்திருக்கும், சதை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், எடை மிஷினுக்கு அது தெரியாது என்றார். உலகச் சுகாதார நிறுவனமும் அதே வருடம் ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்க வேண்டாம், 23இலிருந்தே கவனியுங்கள் என்று சொல்லியிருக்கிறது. என்னுடையது 22.5. அந்தக் கணக்கிலும் நான் தப்பித்திருப்பேன். அப்புறம் அவர் டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தார். 84 சென்டிமீட்டர். ஆசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 தாண்டக் கூடாதாம்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவின் தையல் மிஷின் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்து வீட்டில் எல்லாரையும் நிற்க வைத்து அளந்தேன். 49 கிலோ இருக்கும் என் தங்கைக்கு 82.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். மூன்று நாள் சாப்பிடும் தட்டை எல்லாம் படம் எடுத்து வரச் சொன்னார். எடுத்தேன், கூடவே பிள்ளைகளுக்குக் கேக் செய்ய வாங்கிய தராசில் சோற்றை நிறுத்தும் பார்த்தேன். மத்தியானத் தட்டில் சோறு மட்டும் 380 கிராம். வெந்த சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் மாவுச்சத்து, ஆக அந்த ஒரு தட்டிலேயே நூறு கிராமைத் தாண்டிவிட்டது. தொட்டுக்க என்ன என்று பார்த்தால் உருளைக்கிழங்குப் பிரட்டல், அதுவும் மாவுதான். மீன் ஒரு துண்டு, கீரை ஒரு கரண்டி. நான் அதிகமாகச் சாப்பிடுகிறேன் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதே அளவுதான்.

தேத்தண்ணி அதைவிட மோசம். காலையில் பசியாறும்போது ஒன்று, வேலையில் பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. கெட்டிப்பால் எவ்வளவு ஊற்றுகிறேன் என்று கிளாஸைத் தராசில் வைத்து ஊற்றினேன். இரண்டு கரண்டி, 40 கிராம். அதில் பாதிக்கு மேல் சீனி. மூன்று கிளாஸுக்கு அறுபது கிராமுக்கு மேல் போகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். சோறு, பலகாரம் எதையும் கணக்கில் சேர்க்காமலே இது.

இப்போது தட்டு கால், கால், அரை. சுகாதார அமைச்சு "சுகு சுகு செபாரோ" என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறதே, அதுதான். கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி அல்லது பருப்பு, அரைத் தட்டு காய். முதலில் காயும் மீனும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோறு. கேட்க சுலபம். அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை, என் தட்டைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. சோறு குறைத்துப் போடுவது எங்கள் வீட்டில் கோபத்துக்கு அடையாளம். அவரைக் கூட்டிப்போய் டயட்டிஷன் முன்னால் உட்கார வைத்தேன். அப்புறம் அவரே பாகற்காய், புடலங்காய், பயற்றங்காய் என்று வாங்கிவர ஆரம்பித்தார். மாத்திரையும் சாப்பிடுகிறேன், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நடக்கிறேன். ஆறு மாதத்தில் 7.4 என்பது 6.4 ஆனது.

2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு முப்பத்தொன்று. நம் வீட்டில் மூன்றில் ஒருவர் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் எப்படித் தெரிய வந்தது, என்ன மாற்றினீர்கள், எழுதுங்கள்.


தோட்டத்து வாத்தியார்:

அம்மா, நீங்கள் தட்டை நிறுத்துப் பார்த்ததைப் படித்தபோது என் தாயார் ஞாபகம் வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால் மரம், அதாவது ரப்பர் மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, இருட்டில் நடந்து, முந்நூறு நானூறு மரம் வெட்டி, காண்டா வாளியைத் தோளில் சுமந்து வந்து பாலை நிறுத்துக் கொடுப்பார். அவர் தின்றது பெரிய கிண்ணம் நிறையப் பழைய சோறும் கருவாடும். அந்தச் சோறு அத்தனையும் உச்சிப்பொழுதுக்குள் கரைந்துவிடும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்களை விற்றார்கள், நாங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். மரமும் நடையும் அங்கேயே நின்றுவிட்டன, கிண்ணம் மட்டும் கூடவே வந்தது. என் தம்பிமார் மூவருக்கும் நாற்பது வயதுக்குள் இனிப்பு நீர்.

சோற்றைப் பற்றி ஒரு பழைய கதை, இந்த இடத்தில் சொல்லத் தகுந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. கால் மரத்து, வீங்கி, இருதயம் நின்றுபோகும். வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்களுக்கு நிறைய வந்தது, தோட்டத்துத் தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. சீனர்கள் தின்றது தீட்டிய வெள்ளை சயாம் அரிசி, நம்மவர்கள் தின்றது புழுங்கல் அரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் அங்கே இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி என்று கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிக்காரர்கள் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் செத்தும் போனார்கள். வாய் திறந்து மாட்டேன் என்று சொல்ல முடியாதவர்களை வைத்துச் செய்த சோதனை அது, நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பிறகு தெரிந்த காரணம்.

இதைச் சொன்னதும் "அப்போ புழுங்கல் அரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாமா ஐயா" என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. வெள்ளை அரிசியைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சீனியை ஏற்றும், அவ்வளவுதான். என் தம்பிமார் மூவரும் புழுங்கல் அரிசிதான் தின்றார்கள்.


ஜொகூர் பாலம்:

வணக்கம் அக்கா, ஐயா. நான் ஜொகூர் பாருவில் இருந்து தினமும் மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். நாலரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது. சாப்பாடு பத்து மணிக்கு, உடனே படுக்கை. எனக்கு இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் என் அப்பாவைப் பற்றி எழுத வேண்டும்.

அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், மூலிகைக் காப்ஸ்யூல் விற்ற ஓர் ஆளும் அதையே சொன்னார். எட்டு மாதம் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும்போது அம்மா பார்த்தார், செருப்புக்குள் பட்டாணி அளவு ஒரு கல். காலையில் சந்தைக்குப் போனதிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே தோல் பிய்ந்து ரத்தம் உறைந்திருந்தது. "வலிக்கலையே, வலிச்சா எடுத்திருக்க மாட்டேனா" என்றார். கால் மரத்துப்போனது அவருக்கே தெரியவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினோம். மூன்றாம் வாரம் விரலை எடுத்துவிட்டார்கள்.

கிட்னிக்கு மாத்திரை எதிரி இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார், கட்டுப்படாத சீனிதான் கிட்னியைத் தின்கிறது, நம் நாட்டில் டயாலிசிசுக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் இனிப்பு நீர்க்காரர்கள்தான். இதை அந்தக் காப்ஸ்யூல்காரர் வருவதற்கு முன்னால் யாராவது அப்பாவிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானே பேசியிருக்கலாம். இப்போது தினம் ராத்திரி அப்பாவின் பாதத்தைத் திருப்பி விரல் இடுக்கு வரை டார்ச் அடித்துப் பார்க்கிறேன், செருப்பைத் தட்டிவிட்டுத்தான் வெளியே விடுகிறோம்.

இன்னொரு விஷயம். சிங்கப்பூரில் சீனி அளவைப் பார்த்துப் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று குறியீடு போடுகிறார்கள், 2022 கடைசியில் பாக்கெட் பானங்களுக்கு வந்தது, அடுத்த வருடம் கடையில் கலந்து கொடுப்பதற்கும் வந்துவிட்டது. நம் பக்கம் 2019இலிருந்து சீனி வரி இருக்கிறது, ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வரும் பானங்களுக்குத்தான், ஒட்டுக்கடை தேத்தண்ணிக்கு இல்லை. நம் ஆட்கள் அதிகம் குடிப்பது அதைத்தான். நான் இப்போது "தே ஓ கோசோங்" என்று கேட்டு வாங்குகிறேன், பாலும் இல்லை சீனியும் இல்லை. முதல் இரண்டு வாரம் மருந்து குடிப்பது போல இருந்தது. இப்போது பழைய தேத்தண்ணியைக் குடித்தால் நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.


கிள்ளான்வாசி:

தம்பி, அப்பா காலைப் பற்றி எழுதியதைச் சத்தமாகப் படித்து அத்தைக்குக் காட்டினேன். அவர் எழுந்து போய்த் தன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஐயா, பெரிபெரி கதை எனக்குத் தெரியாதது, என் அப்பா தோட்டத்தில் ஏன் புழுங்கல் அரிசிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் தங்கை இன்னும் சோதிக்கவில்லை. அவளுக்கும் கர்ப்பத்தில் சீனி வந்தது, பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. "நான் உன்னைவிட ஒல்லி" என்று நேற்று வரை சொல்லிக்கொண்டிருந்தாள். 82 என்ற எண்ணைக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தேன். நாளைக் காலை ஏழரைக்குக் கிளினிக்கில் இருக்க வேண்டும், ராத்திரி பத்துக்கு மேல் தண்ணீர் தவிர எதுவும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன், பிள்ளையை அத்தை பார்த்துக்கொள்வார். ரத்தம் எடுத்ததும் சாப்பிட அவளுக்கு இரண்டு முட்டை அவித்து எடுத்துப் போகிறேன். ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.